கம்பி அறுத்த கூரை

மூன்று நாள் அளந்த பிறகும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. நாலாம் நாள் காலையில் மறுபடியும் ஏணி போட்டு ஏறி, வடக்குச் சுவரின் உச்சியிலிருந்து தூக்குக் குண்டைக் கீழே விட்டாள். நூல் ஆடி அடங்கும்வரை காத்திருந்து, அடியில் சுவருக்கும் நூலுக்கும் நடுவே அளவுகோலை வைத்துப் பார்த்தாள். பதினாலு சென்டிமீட்டர். நேற்றும் பதினாலு, முந்தாநாளும் பதினாலு.

"சாயுதாம்மா?" என்று கேட்டார் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மணிக்காரர்.

"சாஞ்சு ரொம்ப நாளாச்சுய்யா. நாமதான் இப்பப் பாக்குறோம்."

மணிக்காரர் அண்ணாந்து பார்த்தார். பத்தொன்பது வருடமாக அந்த ஆலயத்தைப் பெருக்குவதும், பூட்டித் திறப்பதும், மணியடிப்பதும் அவர்தான். அறுபதைத் தாண்டியவர். பின்பக்கத்து ஒற்றை அறை வீட்டில் பெண்டாட்டியோடு குடியிருந்தார். "தெற்குச் சுவர்?" என்றார்.

"அது அந்தப் பக்கம் சாயுது. ஒன்பது."

"அப்ப ரெண்டும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குதுன்னு சொல்லுங்க."

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். பழைய கட்டடங்களை அளந்து, படம் வரைந்து, இன்னும் எத்தனை காலம் நிற்கும் என்று சொல்வதுதான் அவள் தொழில். இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறாள். வயது நாற்பத்தேழு. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. "அவ கட்டடத்தோடயே குடும்பம் நடத்துறா" என்பாள் அண்ணி. சபையில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவள் அளவுக்காரிதான். சொந்தப் பெயரைச் சொன்னால் யாரது என்று கேட்பார்கள்.

ஆலயத்துக்கு இருநூறு வயது நிறையப் போகிறது. விழா மலரில் போட ஆலயத்தின் படங்களும் வரலாறும் வேண்டும், கூட்டம் கூடுவதற்கு அரசாங்கத்தில் காட்டக் கட்டடம் உறுதியாக இருக்கிறது என்ற சான்றிதழும் வேண்டும். இரண்டையும் அவளிடம் கேட்டது அவளுடைய அண்ணன். சபைக் கமிட்டிக்கு அவன்தான் செயலாளர்.

கருங்கல் ஆலயம் அது. மேற்கே சதுரமாக ஒரு மணிக்கூண்டு, நடுவில் நீண்ட கூடம், கிழக்கே பீடத்துக்கு மேல் வண்ணக் கண்ணாடி ஜன்னல். கொளுத்துகிற வெயிலிலும் உள்ளே போனால் உள்ளங்கால் சில்லிடும். சுவர் முழுக்கப் பளிங்குப் பலகைகள். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துத் தளபதிகள், துறைமுக அதிகாரிகள், அவர்களுடைய மனைவிமார், காய்ச்சலில் போன கைக்குழந்தைகள்.

"இங்க செத்தவங்க எல்லாரும் தங்கமான மனுஷங்கதான் போல. ஒரு பலகையிலயாவது 'இவன் ஒரு முசுடு'ன்னு எழுதியிருக்கா பாருங்க" என்பார் மணிக்காரர்.

போதகர் அங்கி மாற்றும் அறையில் ஒரு மர அலமாரி இருந்தது. கரையான் தின்றது போக மிச்சமிருந்த காகிதங்களை அவள் இரண்டு வாரம் உட்கார்ந்து பிரித்தாள். அதில்தான் ஆலயத்தின் கதை முழுவதும் இருந்தது.

முதலில் கட்டியவன் ஒரு பட்டாளத்து இன்ஜினியர். பார்ப்பதற்குத்தான் அது பாறை மாதிரியான சுவர். உள்ளே ஒரு வரிசை, வெளியே ஒரு வரிசை செதுக்கிய கல், நடுவில் உடைகல்லும் சுண்ணாம்பும் கொட்டி நிரப்பியது. தலையணை உறைக்குள் பஞ்சைத் திணித்த மாதிரி. அதற்கு மேல் லேசான மரக் கூரை. அந்தச் சுவர் தாங்கக்கூடியது அவ்வளவுதான். கல் உடைத்துக் கொண்டுவந்தவர்கள் சிறைக் கைதிகள். அடக்கப் பதிவேட்டில் நாற்பத்தொரு வரிகள் ஒரே மாதிரி இருந்தன: 'கைதி. வயது தெரியாது. கல் விழுந்து.' சில வரிகளில் 'கல் விழுந்து' என்பதற்குப் பதில் 'காய்ச்சல்'. அதை மணிக்காரருக்குப் படித்துக் காட்டியபோது அவர் பகடி எதுவும் பண்ணவில்லை. "எங்க புதைச்சாங்கன்னு போட்டிருக்கா?" என்று மட்டும் கேட்டார். போடவில்லை.

நாற்பத்துமூன்று வருடம் கழித்து மரக் கூரையைக் கரையான் முடித்துவிட்டது. அப்போது வந்த கவர்னருக்கு அவர் ஊரில் உள்ள மாதிரி வளைவுக் கூரை வேண்டுமாம். செங்கல் வளைவுக் கூரையைக் கட்டிப் பழைய சுவர் தலையில் ஏற்றினார்கள். வளைவு என்பது கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை, இரண்டு பக்கமும் காலை நீட்டி உதைக்கும். தலையணைச் சுவர் அந்த உதையைத் தாங்காது என்று அந்த வேலையைச் செய்த இன்ஜினியருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு ஐந்து இரும்புக் கம்பிகளை இழுத்துக் கட்டி, வெளிப்பக்கத்தில் நட்சத்திர வடிவத் தகடுகளை வைத்து முறுக்கியிருந்தான். அலமாரியில் கிடந்த அவனுடைய வரைபடத்தின் அடியில் அவன் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: இந்தக் கம்பிகளை எக்காலத்திலும் எடுக்கக் கூடாது.

வெளிச்சுவரில் அந்த நட்சத்திரங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. சின்ன வயதில் அவளும் அண்ணனும் அவற்றை அலங்காரம் என்று நினைத்து எண்ணி விளையாடியிருக்கிறார்கள். உள்ளேதான் கம்பிகள் இல்லை.

கமிட்டிக் கூட்டக் குறிப்பில் அதற்கும் விடை இருந்தது. முப்பத்தொரு வருடத்துக்கு முன், துரு ஒழுகி வெள்ளை உடுப்பெல்லாம் கறையாகிறது, வண்ண ஜன்னலை மறைக்கிறது என்று ஐந்தையும் அறுத்து எடுத்திருந்தார்கள். தீர்மானத்தின் கீழே அப்போதைய செயலாளரின் கையெழுத்து. அது அவளுடைய அப்பா. வாசலில் பித்தளைத் தகட்டில் அவர் பெயர் இருக்கிறது, 'இவ்வாலயத்தை அழகுபடுத்தியவர்' என்று.

அந்த நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பதினாறு வயது அவளுக்கு. கம்பிகள் போனதும் ஆலயமே திடீரென்று ஓர் ஆள் உயரம் வளர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. அப்பாவின் கையைக் கட்டிக்கொண்டு, "எவ்வளவு அழகா இருக்குப்பா!" என்று சொன்னவள் அவள்தான்.

நாலாம் முறை அளந்த அன்று சாயங்காலமே அறிக்கையை எழுதினாள். நாலு பக்கம். 'ஆலயத்தை உடனடியாக மூட வேண்டும். முட்டுக் கொடுத்து, இழுப்புக் கம்பிகளைத் திரும்பப் பொருத்தும்வரை யாரையும் உள்ளே அனுமதிக்கக் கூடாது.' எழுதி எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

அங்கே சாப்பாட்டு மேசை முழுக்கக் கல்யாணப் பத்திரிகைகள் பரப்பிக் கிடந்தன. அண்ணனுக்கு ஒரே மகள். இருபத்தாறு வயதாகியும் வீட்டில் எல்லோருக்கும் பாப்பாதான். பிரசவத்துக்குப் பின் அண்ணி படுத்த படுக்கையாகக் கிடந்த ஏழு மாதமும் அளவுக்காரிதான் குழந்தையைக் குளிப்பாட்டி, தூங்க வைத்து வளர்த்தவள். பாப்பாவின் கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

அண்ணன் அறிக்கையை நின்றபடியே படித்தான். படித்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

"மூடணும்னா எத்தனை நாளைக்கு?"

"எட்டு மாசம், பத்து மாசம் ஆகும்ணா."

"கம்பிய எடுத்து முப்பத்தொரு வருஷம் ஆச்சுன்னு நீயே எழுதியிருக்க. முப்பத்தொரு வருஷம் நின்னது பத்தொன்பது நாள் நிக்காதா?"

"நிக்கலாம்."

"அப்புறம் என்ன?"

"நிக்காமயும் போகலாம். எனக்குத் தெரியாதுண்ணா, அதைத்தான் சொல்றேன். தெரியாதப்போ மூடுறதுதான் முறை."

அண்ணன் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். வாய்ச் சண்டையில் அவள் யாருக்கும் இளைத்தவள் இல்லை. ஆனால் அவன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, தணிந்து பேசினான்.

"இது வெளிய வந்தா ஊர் என்ன சொல்லும்? அப்பாதான் கூரைய அறுத்துட்டுப் போனாருன்னு சொல்லும். செத்த மனுஷன் வந்து பதில் சொல்ல முடியுமா? பாப்பா இந்தக் கல்யாணத்துல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. தாத்தா பேர் போட்ட கோயில்லதான் கல்யாணம் பண்ணுவேன்னு. அதையும் நீயே போய் அவகிட்டச் சொல்லிடு. என்னால முடியாது."

உள்ளறையில் பாப்பா யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். அளவுக்காரி அந்தக் கதவைப் பார்த்தாள். எழுந்து போகவில்லை.

வீட்டுக்குத் திரும்பி அறிக்கையைத் திருத்தினாள். 'உடனடியாக மூட வேண்டும்' என்ற இடத்தில் 'தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்' என்று போட்டாள். 'உடனடி அபாயம் எதுவும் தென்படவில்லை' என்று ஒரு வரி சேர்த்தாள். கம்பியைப் பற்றிய பக்கத்தை எடுத்துவிட்டாள். சுவர் ஒரே நாளில் சாய்வதில்லை, கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், கல்யாணம் முடிந்த மறுநாளே மூடிவிடலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். எல்லாம் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினாள். முதல் அறிக்கையைக் கிழிக்க மனம் வராமல் மேசை டிராயரின் அடியில் வைத்தாள்.

மறுநாள் கூரையில் விரிசல் தெரிந்த ஏழு இடங்களில் மெல்லிய கண்ணாடிப் பட்டைகளை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சாந்து பூசி ஒட்டினாள். விரிசல் ஒரு மயிரிழை விரிந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். காலையிலும் மாலையிலும் ஏறிப் பார்க்கும் வேலையை மணிக்காரரிடம் கொடுத்தாள்.

"உடைஞ்சா?" என்று கேட்டார் அவர்.

"உடனே என்கிட்ட வந்து சொல்லணும். வேற யார்கிட்டயும் இல்ல."

அவர் ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு, ஏழு கோடு கிழித்து, ஒவ்வொரு நாளும் 'சரி', 'சரி' என்று எழுதி வந்தார். இரண்டு நாளைக்கு ஒருமுறை அதைக் கொண்டுவந்து காட்டுவார். பதினெட்டு நாளும் எல்லாம் சரியாகவே இருந்தது.

கல்யாணம் சனிக்கிழமை காலை. வளைவுகள் எல்லாவற்றுக்கும் வெள்ளைத் துணி சுற்றி, தூணுக்குத் தூண் பூச்செண்டு கட்டியிருந்தார்கள். ஐந்நூறு பேர். அளவுக்காரி முதல் வரிசையில் அண்ணிக்குப் பக்கத்தில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். பாப்பா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்ற நேரத்தில், பக்கவாட்டில் யாரோ குனிந்தார்கள். மணிக்காரர். தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மூச்சு வாங்கியது.

"அம்மா, மூணாவது வளைவுக் கண்ணாடி ரெண்டா உடைஞ்சு கிடக்குது" என்றார் காதோடு.

ஆர்கன் வாசிக்கத் தொடங்கிவிட்டது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவளும் எழுந்தாள். எழுந்து நின்ற அந்தச் சில நொடிகளில் அவளால் முடிந்திருக்கும். கையை உயர்த்தி, எல்லோரும் வெளியே போங்கள் என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். பாப்பா அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"கல்யாணம் முடியட்டும்யா" என்றாள் அவள்.

மணிக்காரர் ஒரு நிமிஷம் அவள் முகத்தையே பார்த்தார். "நீங்க சொன்னாச் சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

ஒரு மணி நேரம் நடந்தது ஆராதனை. என்ன பாடினார்கள், போதகர் என்ன பேசினார் என்று எதுவும் அவளுக்குத் தெரியாது. மணமக்கள் நின்ற இடத்துக்கு நேர் மேலே இருந்த மூன்றாவது வளைவைப் பார்த்தபடியே இருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு துளி தூசிகூட விழவில்லை. வெளியே பந்தலில் அண்ணன் அவள் தோளைத் தட்டி, "பாத்தியா? கல்லு மாதிரி நிக்குது. உன் பயம்தான் சாயுது" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள்.

கூட்டம் கலைந்ததும் பட்டுப்புடவையோடே ஏறிப் பார்த்தாள். உடைந்த கண்ணாடியின் இரண்டு துண்டுகளுக்கும் நடுவே தீக்குச்சி நுழையும் இடைவெளி. இறங்கி வந்து அண்ணனை ஓரமாக இழுத்தாள்.

"இனிமே ஒருத்தரும் உள்ள போகக் கூடாது. இன்னைக்கே."

அண்ணன் இந்தமுறை மறுத்துப் பேசவில்லை. காரியம் முடிந்துவிட்டதல்லவா. "நாளைக்கு ஆராதனைய பந்தல்லயே வச்சுக்கச் சொல்றேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கமிட்டியக் கூட்டி முறைப்படி மூடிடுவோம். போதகர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றான். பேசவும் செய்தான். போதகர் ஞாயிற்றுக்கிழமை பந்தலிலேயே ஆராதனை நடத்தினார். வெயிலுக்கு ஒதுங்க நிழல் இருந்ததால் யாரும் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

மணிக்காரருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அண்ணன் போதகர் சொல்லியிருப்பார் என்று நினைத்தான். போதகர் செயலாளர் சொல்லியிருப்பார் என்று நினைத்தார். அளவுக்காரியோ, உடைந்ததைக் கண்டுபிடித்ததே அவர்தானே, அவருக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டாள். சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, அலங்காரக்காரர்கள் தங்கள் வெள்ளைத் துணியைத் திரும்பக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். அவர் கழற்றித் தருவதற்காக உள்ளே போனார்.

பத்தேகால் இருக்கும். அளவுக்காரி இரண்டு தெரு தள்ளித் தன் மேசையில் உட்கார்ந்து, கமிட்டியில் கொடுக்க வேண்டிய கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தாள். சத்தம் இடி மாதிரி வரவில்லை. லாரியிலிருந்து ஜல்லியைக் கொட்டுகிற மாதிரி, நிற்காமல், நீளமாக வந்தது. பேனாவை மூடாமல் எழுந்து செருப்பில்லாமல் ஓடினாள்.

மூன்றாவது வளைவும் நாலாவது வளைவும் உள்ளே இறங்கியிருந்தன. வடக்குச் சுவரின் மேல்பாதி வெளியே சரிந்து, பளிங்குப் பலகைகள் தோட்டத்தில் நொறுங்கிக் கிடந்தன. மணிக்கூண்டு அப்படியே நின்றது. மேற்கு வாசலில் மணிக்காரர் பெண்டாட்டி கையில் ஒரு பாயோடு நின்றிருந்தாள். தலை, முகம், புடவை எல்லாம் சுண்ணாம்பு. பாயைத் தட்டுவதற்காக வெளியே வந்த நேரம்.

"உள்ள துணி கழட்டிட்டிருந்தாரு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மறுபடி மறுபடி அதையே சொன்னாள்.

தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது, மிச்சக் கூரை எந்தப் பக்கம் இறங்கும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லக்கூடியவள் ஊரில் ஒருத்திதான் இருந்தாள். யாரோ அவள் வீட்டிலிருந்து படங்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். விழா மலருக்காக அழகாக மை போட்டு வரைந்த படங்கள். அவற்றைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தூணை ஒட்டிப் போங்க, அந்தப் பக்கம் வேண்டாம், அங்க முட்டு வைங்க" என்று ஐந்து மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் நடுங்கவில்லை. பார்த்தவர்கள் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருப்பார்கள். மூன்றரை மணிக்கு அவரை எடுத்தார்கள். கையில் வெள்ளைத் துணி சுற்றியபடியே இருந்தது. பிறகுதான் அவள் வேலியோரம் போய் வாந்தி எடுத்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் அண்ணன் வந்தான். இரண்டு நாளில் பத்து வயது கூடியிருந்தது அவனுக்கு.

"விசாரணை வைக்கிறாங்க. யாராலயும் முன்கூட்டியே சொல்லியிருக்க முடியாது, அதை மட்டும் சொல்லு. பழைய கட்டடம். இருநூறு வருஷம். நம்புவாங்க."

"நான் சொன்னேனே அண்ணா."

"யாருக்குத் தெரியும்? அந்த முதல் அறிக்கை யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட மட்டும்தான்."

"அப்ப அது இல்லைன்னே வச்சுக்கோ." அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அண்ணன் தன்னைக் கும்பிட்டு அவள் பார்த்ததே இல்லை. "எனக்காக இல்ல. உன் தொழில் போயிடும். அப்பா பேர் போயிடும். செத்தவர் திரும்பி வரப் போறாரா?"

அவள் பதில் சொல்லவில்லை. அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனான். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

விசாரணை ஒரு அரசாங்க அலுவலகத்தின் மாடி அறையில் நடந்தது. மூன்று அதிகாரிகள், ஒரு தட்டச்சுக்காரர், தலைக்கு மேல் கிறீச்சிடும் மின்விசிறி. அண்ணனும் போதகரும் முன்பெஞ்சில். மணிக்காரர் பெண்டாட்டி கடைசிப் பெஞ்சில் தன் தங்கையோடு. அளவுக்காரியின் பையில் முதல் அறிக்கை இருந்தது. ஏன் எடுத்து வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"கட்டடம் விழும் என்பதற்கான அறிகுறி முன்பே ஏதாவது தெரிந்ததா?" என்று கேட்டார் நடுவில் இருந்த அதிகாரி.

அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னால் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது.

"ஐயா, நான் ஒண்ணு கேக்கலாமா?"

அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர் தலையசைத்தார். மணிக்காரர் பெண்டாட்டி அவர்களைப் பார்க்காமல் நேராக அளவுக்காரியைப் பார்த்துப் பேசினாள்.

"கல்யாணத்தன்னைக்கு அவர் கண்ணாடி உடைஞ்சிருச்சுன்னு உங்ககிட்டச் சொல்ல ஓடினாரு. திரும்பி வந்ததும் அம்மா என்ன சொன்னாங்கன்னு கேட்டேன். 'ஒண்ணும் பயமில்லையாம், அம்மா சொல்லிட்டாங்க'ன்னாரு. அதனாலதான் செவ்வாய்க்கிழமை நானும் அவரைப் போக விட்டேன். நீங்க அப்படியாம்மா சொன்னீங்க?"

அண்ணன் திரும்பிப் பார்த்தான். தப்பிக்க நினைத்தால் அதிலேயே வழி இருந்தது. கண்ணாடி உடைவது சாதாரணம், அபாயம் இல்லை என்றுதான் கணித்தேன் என்று சொன்னால் போதும். கணிப்பில் தவறியவள் என்பதோடு போய்விடும். பெண்டாட்டி பயப்படக் கூடாது என்று அந்த மனிதர் சொன்ன ஒரு சின்னப் பொய், இப்போது அளவுக்காரிக்கு ஒதுங்க நிழலாக நின்றது.

"இல்லக்கா. பயமில்லைன்னு நான் சொல்லவே இல்ல. பயம்னு எனக்குத் தெரியும். கல்யாணம் முடியட்டும்னு சொன்னேன். அவர் உங்ககிட்ட மாத்திச் சொல்லியிருக்கார்."

பிறகு பையைத் திறந்து நாலு பக்கத்தையும் எடுத்து மேசையில் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். சுவர், கம்பி, அப்பாவின் கையெழுத்து, மாற்றி எழுதிய வரி, உடைந்த கண்ணாடி. அண்ணன் என்ன கேட்டான் என்று அதிகாரி கேட்டபோது அதையும் சொன்னாள். "அவர் கேட்டார். எழுதினது நான். கையெழுத்துப் போட்டதும் நான்" என்றாள்.

மணிக்காரர் பெண்டாட்டி கடைசிவரை நின்றபடியே கேட்டாள். வெளியே படிக்கட்டில் அளவுக்காரி அவள் கையைப் பிடிக்கப் போனாள். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"நெசத்தச் சொன்னீங்க, சரி. அதுக்காக நான் உங்களைப் பாத்துக்கிட்டு இருக்கணும்னு இல்ல. இனிமே என் முன்னால வராதீங்கம்மா" என்றாள். கத்தவில்லை, சாபமிடவில்லை. தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனாள். அந்த மாதமே பின்பக்கத்து வீட்டைக் காலி செய்துவிட்டுத் தங்கை ஊருக்குப் போய்விட்டாள்.

நாலு மாதத்தில் தீர்ப்பு மாதிரி ஒன்று வந்தது. அளவுக்காரியின் தொழில் உரிமத்தை ஏழு வருடத்துக்கு ரத்து செய்தார்கள். வழக்கு தனியே நடக்கும் என்றார்கள். அண்ணன் கமிட்டியிலிருந்து விலகினான், அவன் மேலும் வழக்கு. அவன் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். தெருவில் எதிரே வந்தால் அந்தப் பக்கம் கடந்து போவான். விழா நடக்கவில்லை. சபை பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஹாலில் கூடியது. யாரோ வாசலில் இருந்த பித்தளைத் தகட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். யார் என்று யாரும் தேடவில்லை. மிச்சக் கூரையை இறக்கி, சுவர்த் தலைகளை மழை இறங்காமல் பூசி மூடினார்கள். அந்த வேலைக்கு வந்த புது இன்ஜினியர் அவளுடைய படங்களைத்தான் வைத்துக்கொண்டு செய்தார். அவள் பெயர் எங்கும் வரவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒரு நண்பரின் அலுவலகத்தில் அடுத்தவர் கையெழுத்துக்குப் படம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமாகி ஒரு வருடம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது பாப்பா வந்தாள். தனியாக வந்தாள். விசாரணைக்குப் பிறகு அவள் அத்தையைப் பார்க்க வந்தது அதுதான் முதல் தடவை. உடம்பு மெலிந்திருந்தது. அளவுக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாப்பா வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை.

"அப்பா எதையும் சரியாச் சொல்ல மாட்டேங்கிறார் அத்தை. பேப்பர்ல போட்டதைப் படிச்சேன். உங்க வாயால கேக்கணும்னு வந்தேன்."

"கேளுடா."

"நான் உள்ள வந்தப்போ உங்களுக்குத் தெரியுமா? கண்ணாடி உடைஞ்சிருச்சுன்னு?"

"தெரியும். நீ வாசல்ல நின்னப்போதான் சொன்னாரு."

"நாங்க நின்ன இடம்..."

"மூணாவது வளைவு. அதுக்கு நேர் கீழதான்."

"ஐந்நூறு பேர். அம்மா, அவரோட தங்கச்சி குழந்தைங்க. நான்" என்றாள் பாப்பா. "என்னைக் குளிப்பாட்டி வளர்த்தீங்க. ஒரு சத்தம் போட உங்களுக்கு வாய் வரலையா அத்தை?"

"வரலடா" என்றாள் அளவுக்காரி. "நீ சிரிச்சுக்கிட்டே வந்த. அதைக் கெடுக்க வாய் வரல. அது எவ்வளவு பெரிய தப்புன்னு எனக்குத் தெரியும். மன்னிச்சுக்கன்னு கேக்க வரல. கேட்டதுக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்."

பாப்பா தண்ணீர்க் குவளையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அழவில்லை. எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டாள். சின்ன வயதிலிருந்து அந்த வீட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் 'போயிட்டு வர்றேன் அத்தை' என்று கத்திவிட்டுப் போகிறவள், இன்றைக்கு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள்.

"போறேன்" என்றாள்.

படியிறங்கி, கேட்டைத் தானே சாத்திக் கொக்கியை மாட்டிவிட்டு நடந்தாள். தெருமுனை திரும்பும்வரை அளவுக்காரி பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.